ஒரே பந்தி

இரத்தோட்டை கடைவீதியில் கோயிலும் பள்ளிவாசலும் எதிரெதிரே இருந்தன. சற்று மேட்டில் சிங்களவர்களின் பௌத்த விகாரை. நாட்டில் கலவரம் நடந்து ஓய்ந்த பிறகு, நம்ம ஊரில் ஒரு கல்லும் விழக்கூடாது என்று மூன்று இடத்துப் பெரியவர்களும் கூடி நல்லுறவுச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். அங்கே ஒரு மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். தமிழும் சிங்களமும் எழுதுவேன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு அது பெரிய ஏற்றம். கூட்ட நாட்களில் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போடுவேன்.

சங்கம் வெறும் வாய்ப்பேச்சாக இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் மாலை பாங்கு கேட்டதும் கோயில் ஒலிபெருக்கி நின்றுவிடும். கோயில் கிணறு வற்றிய வருடம் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரில்தான் சுவாமிக்கு அபிஷேகம் நடந்தது. விகாரைப் பாதை மழையில் சரிந்தபோது மூன்று தரப்பு ஆட்களும் சேர்ந்து மண் வெட்டினார்கள். பள்ளிவாசல் தரப்பில் எதற்கும் முன்னால் நின்றவர் ஓர் ஏலக்காய் வியாபாரி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். மருந்து வாங்கும் வேலை இல்லாத நாளிலும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்.

ஒரு தைப்பொங்கலுக்குக் கோயிலில் எல்லா மதத்தாருக்கும் சாப்பாடு என்று முடிவானது. என் அப்பா தோட்டத்தில் பஜனைக் குழு நடத்தி வந்தார். அவர்களை அழைக்கலாமா என்று கேட்டேன். கோயில் தர்மகர்த்தாவான துணிக்கடை முதலாளி, "தாராளமா வரச் சொல்லு" என்றார். பதினைந்து பேர் வெளுத்த வேட்டியோடு பஸ் ஏறி வந்தார்கள். வாசலில் நின்று ஒரு மணி நேரம் பாடினார்கள். விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

இலை போட்டதும் முதலாளி என்னைத் தூணோரம் கூப்பிட்டார்.

"ஒங்க தோட்டத்து ஆளுங்களுக்குப் பின்னாடி வெறகுக் கொட்டாயில ஏற்பாடு பண்ணியிருக்கேன். நீயே சொல்லிடு தம்பி."

"அவங்களும் நம்ம கோயில் சனந்தானுங்களே, முதலாளி?"

"யாரு இல்லேன்னா? ஆனா சாதின்னு ஒண்ணு இருக்குல்ல? ஒன்னைய உள்ள ஒக்கார வச்சிருக்கேன்ல?"

உள்ளே முஸ்லிம்களும் சிங்களவர்களும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நான் வாசலுக்குப் போனேன்.

"அப்பா, உள்ள எடம் பத்தலையாம். பின்னாடி போட்டிருக்காங்க."

அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வரிசையாக வெற்று இலைகள் கிடந்தன. ஆளில்லாத வாழை இலைகள்.

"ஒனக்கு எடம் இருக்கா?"

"நான் செயலாளர்ப்பா. அவங்களோட ஒக்காரணும்."

"செரி, போ. சோறு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். இரண்டு பேர் மட்டும் சாப்பிட மறுத்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கக் கதவு வழியாக விறகுக் கொட்டகை தெரிந்தது. தகரத் தட்டோடு குந்தியிருந்த அப்பாவை நானா பார்த்தார். கை ஒரு கணம் நின்றது. என்னையும் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.

மறுநாள் அவர் கடைக்கே போய்க் கேட்டேன். "பாத்தீங்கதானே நானா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"அது ஒங்கட ஊட்டு விஷயம் தம்பி. எங்கட பக்கமும் இப்பிடி ஒண்டு ரெண்டு ஈக்கி. நாங்க ஒங்கள கேக்க வாணாம், நீங்க எங்கள கேக்க வாணாம். அப்பதான் கூட்டாளித்தனம் நிக்கும்."

கோபத்தோடு எழுந்து வந்தேன். நானே கேட்காததை அவரைக் கேட்கச் சொன்னேன் என்பது வீடு வந்த பிறகும் உறைக்கவில்லை.

அந்த வாரம் பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன். சகல மதத்தினரும் பேதமின்றி ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தினர் என்று, யாரும் சொல்லித் தராமல், என் கையாலேயே எழுதினேன். அச்சில் வந்தது. தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் அதை லயத்து முற்றத்தில் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த முறை நான் வீட்டுக்குப் போனபோது, "நல்லா எழுதியிருக்கியாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விட்டார். அந்தக் கோயில் பக்கம் அவர் மறுபடி வரவே இல்லை.

சில வருடங்களில், தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தப்படி, அப்பா அம்மாவுக்கு இந்தியா போகும் முறை வந்தது. எனக்கு இங்கே குடியுரிமை கிடைத்திருந்தது. மாத்தளை ரயில் நிலையத்துக்கு நானா வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன், அண்டைக்கி நான் எழும்பி வந்தீக்கணும். மனசுல வெச்சிக்கொள்ள வாணாம்."

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்க" என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது.

நான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அந்த வார்த்தையை முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ரயில் நகரும்வரை நேரம் இருந்தது. பெட்டிச் சாவி பத்திரம் என்று சொன்னேன்.

அங்கிருந்து மூன்று கடிதங்கள் வந்தன, வேறு யாரோ எழுதிக் கொடுத்தவை. மூன்றிலும் அப்பா, ஏலக்காய்க் கடைக்காரர் சுகமா என்று கேட்டிருந்தார். நாலாவதாக வந்தது அவருடைய சாவுத் தந்தி. கடவுச்சீட்டு கிடைக்கவில்லை, அதனால் போக முடியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். நான் விண்ணப்பமே போடவில்லை.