சடை நாடாவில் கண்ட கோடுகள்

நாமக்கல்லுக்குத் தெற்கே பருத்திக் காட்டில் வளர்ந்த சின்னுசாமிக்கு மெட்ராஸ் ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம் கிடைத்தபோது, என்ன வேலை என்று ஊரார் கேட்டார்கள். "உடைக்கிற வேலைங்க" என்றான். அதுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி., நம்ம கல்லுக்குழிக்கே வந்திருக்கலாமே என்று சிரித்தார்கள்.

அவன் சொன்னது பொய்யில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ஒரு பொருளைத் துளியூண்டு ஆவியாக்கி அனுப்புவான். எலக்ட்ரான்கள் மோதி, மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். அதை இழந்த மூலக்கூறு நிலைகொள்ளாமல், பிணைப்பு இளகிய இடத்தில் உடையும். துண்டுகளைக் கருவி எடைவாரியாகப் பிரித்துத் தாளில் கோடு போடும். எத்தனை முறை உடைத்தாலும் ஒரு பொருள் ஒரே மாதிரிதான் உடையும். அதனால் துண்டுகளை வைத்தே முழுசு எதுவென்று சொல்லிவிடலாம்.

1979 தை மாதம், தங்கை வசந்தாமணி செத்துப்போனதாகத் தந்தி வந்தது. பொண்ணு பார்க்க வருவதற்கு முந்தின நாள் வாயில் நுரை தள்ளி விழுந்தாளாம். மாப்பிள்ளை பிடிக்காமல் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. ஊர் வாய்க்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. மானம் போனதென்று அப்பா நாச்சிமுத்து அவள் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். அம்மா சென்னியம்மாள் சின்னுசாமியின் கையைப் பிடித்து அழுதார். "எம் புள்ள குடிச்சிருக்காது சாமி. நீ படிச்சவன், கண்டுபுடிச்சுச் சொல்லு."

ஞாபகத்துக்கென்று அவளுடைய சடை நாடாவை மெட்ராசுக்கு எடுத்து வந்திருந்தான். அதில் தேங்காயெண்ணெய் வாசத்தோடு வேறொரு நெடியும் அடித்தது. ஊறியிருந்ததைக் கரைத்து, எண்ணெயை ஒதுக்கிவிட்டுக் கருவிக்குள் விட்டான். 263 எடையில் முழு மூலக்கூறு. 125, 109இல் நெடுநெடுவென்று துண்டுகளின் கோடுகள். பருத்திக்கு அடிக்கும் மருந்தேதான். அது எப்படி உடம்புக்குள் போனதென்று கருவி சொல்லாது, ஆனால் நாடா சொன்னது. அந்த வீட்டில் வசந்தாமணிக்கு எண்ணெய் தேய்ப்பது ஒரே ஒருவர்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்க் கேட்டான். "அன்னிக்கு அவ தலைக்கு என்னம்மா வெச்சீங்க?"

"பேனு சாமி. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக் கெடந்துச்சு. பொண்ணு பாக்க வாராங்களேன்னு காட்டு மருந்த எண்ணெயில கலந்து தேச்சு, துணியில கட்டியுட்டேன். ஊருல எல்லாரும் பண்றதுதான? ஏஞ்சாமி கேக்குற?"

"அவ குடிக்கலீங்கம்மா. நெஞ்சு நின்னுபோச்சு" என்றான். அதைக் கேட்ட அப்பா படத்தை இறக்கித் துண்டால் துடைத்து மாட்டிவிட்டு, முதல்முறையாக வாய்விட்டு அழுதார். மீதியைச் சாகும்வரை தானே சுமந்துகொள்வது என்று சின்னுசாமி நினைத்தான். அந்த நினைப்பு ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

கடைசித் தங்கை மயிலம்மாளைத் தலைமுழுக்குக்கு முன்னால் உட்காரவைத்து, அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். அதே நெடி.

"கிண்ணத்தக் கீழ வைங்கம்மா" என்று கத்தினான். "இதுலதாம்மா அவ போனா."

அம்மா அழவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மயிலம்மாளைத் தொடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து யார் தலைக்கும் அவர் சீப்புகூட வைத்ததில்லை.

1983இல் சின்னுசாமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கும் நேரத்தில், பெற்றவள் முதலில் வைக்கட்டும் என்று கூப்பிட்டார்கள். சென்னியம்மாள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"வைங்கம்மா" என்று அவன் கெஞ்சினான்.

"எங்கையி வேண்டாஞ் சாமி."

தலையைக் குனிந்தபடியே அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் அத்தைதான் எண்ணெய் வைத்தார்.