திறக்காமல் வாங்கிய சாக்கு

என் மாமா நாணயமானவர் என்று ஊருக்கு நிரூபித்துக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. யாரும் என்னை மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவுமில்லை. கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன். அதை நினைத்துவிட்டால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்துப் பக்கம் பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் எடை போடுகிற வேலை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். கிட்டங்கி நேரமும் தூக்கமும் போக மிச்சமெல்லாம் அவருடைய சைக்கிளுக்குத்தான். வெயிலில் வந்து இறங்கினால் முதலில் சைக்கிளைத் துடைப்பார், பிறகுதான் தன் முகத்தைத் துடைப்பார். "உனக்கு எதுக்குலே பொண்ணு? இதுக்கே ஒரு தாலியக் கட்டிரு" என்பாள் அம்மா.

அவரைப் போல ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஒரு பூவரச மரத்தடியில் கூடுவார்கள். சைக்கிள்களைப் பிரித்துப் பரப்பி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டுவார்கள். மாப்பிள்ளையூரணி வரை பந்தயம் விட்டுத் திரும்புவார்கள். தோற்றவர் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி வாங்கித் தர வேண்டும். பந்தயத்தைவிட அவர்களுக்குப் பிடித்தது பேச்சு. ஒரு பெடலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். கப்பலில் சைக்கிள் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. டியூப் கிடைக்காமல் டயருக்குள் தேங்காய் நாரைத் திணித்து ஓட்டினவர்கள் உண்டு. பழைய செயின் ஒன்றுக்குக் கடைவீதியில் சொன்ன விலையைக் கேட்டால் நடந்தே போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் பூவரச மரத்தடியில் மட்டும் வேறு சட்டம். யாரிடமாவது ஒரு பழைய பாகம் சும்மா கிடந்தால், வேண்டியவருக்குக் கொள்முதல் விலைக்கே கொடுத்துவிட வேண்டும். ஓரணா லாபம் வைக்கக் கூடாது. ஒருவர் ஒரு பழைய டியூபுக்கு நாலணா கூட்டி விற்றுவிட்டார் என்று தெரிந்தபோது, அவரைக் கூட்டத்தை விட்டு விரட்டியது என் மாமாதான். "சாவு வீட்டுல உக்காந்து கடை போடுதவனும் நீயும் ஒண்ணுதாம்லே" என்று அவர் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. நானும் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கூட்டத்தில் கைராசிக்காரர் பிலோமியின் அப்பா. துறைமுகத்தில் இறங்கும் சாமான்களை எண்ணி எழுதுகிற கிளார்க். பிலோமி மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு, என் பெஞ்சு. அந்த வருஷம் அவள் அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் போய்விட்டார். வைத்தியச் செலவுக்குச் சைக்கிள் முன்னமே போயிருந்தது. மிஞ்சியது, பல வருஷமாக அவர் சேர்த்து வைத்திருந்த பழைய பாகங்கள் கிடந்த ஒரு கோணிச் சாக்கு.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பிலோமி என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சாக்கை இழுத்தாள். வாயைக் கயிற்றால்தான் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து, அடியில் கையை விட்டு, மெழுகுத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். சின்னச் சொம்பு அளவில் வழவழவென்று ஒரு இரும்பு. ஒரு முனையிலிருந்து கைக்குழந்தையின் கொலுசு போல ஒரு குட்டிச் சங்கிலி தொங்கியது.

"இது எனக்குன்னு எங்கப்பா சொன்னாக. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. யார்ட்டயும் சொல்லாதளா" என்றாள்.

நான் சாயங்காலமே மாமாவிடம் சொன்னேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சைக்கிள் விஷயத்தில் எனக்கும் ஏதோ தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ள ஆசை, அவ்வளவுதான். எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அவர் கை நின்றது. குட்டிச் சங்கிலியா, எந்தப் பக்கம், எத்தனை கண்ணி, துரு இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு என்னைக் கம்பியில் உட்கார வைத்துத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மாமா. ரகசியம்."

"அப்பம் ரகசியத்தக் காப்பாத்தணும், என்ன?" என்றார். பிலோமிக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அது என்ன என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பின்சக்கரத்தின் நடுவில் பொருத்துகிற ஹப். மூன்று கியரும் அதற்குள்ளேயே அடக்கம். வெள்ளைக்காரத் துரைமார் வண்டிகளில்தான் அதைப் பார்க்க முடியும். சண்டைக்காலத்தில் அது பல சைக்கிளுக்குச் சமம்.

பிலோமியின் அம்மாவுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரே ஒரு பொருள். ஊரைவிட்டுப் போகிற ஒரு குடும்பம் கையால் சுற்றுகிற தையல் மெஷினை விற்பதாக இருந்தது. அது கிடைத்தால் வீட்டிலிருந்தபடியே தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் உப்பளத்துக் கரையில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் பிலோமிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தலையில் உப்புச் சுமக்கிற ஓலைப்பெட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கு மரத்தடிக்கு வந்தது. வழியில் எதுவும் சிந்திவிடாமலிருக்க, பிலோமி வீட்டில் இல்லாத நேரத்தில் அதன் வாயைக் கோணி ஊசியால் தைத்திருந்தார்கள். பிலோமியின் அம்மா முக்காட்டோடு தள்ளி நின்றாள். வழக்கப்படி அதைக் கொட்டிப் பரப்பி, ஆளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதற்கு நியாயமான விலையைப் போட்டு அவளிடம் கொடுப்பதாகப் பேச்சு. ஒருவர் தையலைப் பிரிக்கக் குனிந்தார். மாமா அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணன் சாமான ஆளுக்கொண்ணாப் பொறுக்கவா? மனசு வருதாலே உங்களுக்கு? தொறக்கவே வேண்டாம். சிப்பி ஏலம் மாரி நானே மொத்தமா எடுத்துக்கிடுதேன். முத்து கிடந்தாலும் சரி, வெறும் ஓடு கிடந்தாலும் சரி. நட்டம் என்னோட போட்டும்."

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர், திறந்துதான் பார்ப்போமே என்று சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. நான் பிறந்து அதுவரை முத்துக்குளிப்பே நடந்ததில்லை. ஆனாலும் அந்த ஏலத்தின் முறை பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கரையில் சிப்பியைக் குவியல் குவியலாகத் திறக்காமல்தான் விற்பார்கள். வாங்கினவன் திறந்து பார்ப்பான். உள்ளே இருப்பது அவன் அதிர்ஷ்டம், விற்றவன் வாய் திறக்கக் கூடாது. சிப்பி என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தனை பேரும் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். வெறும் ஓட்டுக்குப் பணம் போடத் துணிந்த மாமாவின் பெரிய மனசைப் பார்த்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிலோமியின் அம்மா பணத்தை வாங்கிப் பார்த்தாள். "மெஷின் வாங்க இது காணுமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பழைய இரும்பு விலைக்கு மேலயே போட்டிருக்கேன் மைனி. இந்தக் காலத்துல இது யாரு தருவா?"

அவள் தலையசைத்தாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார். அந்தக் கையெடுப்பு மட்டும் என் கண்ணை விட்டுப் போவதே இல்லை.

வீட்டில் என் முன்னால்தான் தையலைப் பிரித்தார். மெழுகுத் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, "அடேயப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் சொன்னதை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சாக்கிலிருந்து ஒரு சைக்கிள் மணியை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தார். மூடியில் ஒரு சின்ன நசுங்கல். ஆனாலும் நன்றாக அடித்தது.

அடுத்த ஞாயிறு மாமா அந்த ஹப்பைக் காயல்பட்டினத்துத் துணி வியாபாரி ஒருவருக்கு விலை பேசினார். அவரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை, அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற முறையில், காக்கா என்பார்கள். விலையைக் கேட்டதும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நமக்குள் கொள்முதல் விலைதானே, இந்தச் சட்டத்தைப் பேசினவரே நீர்தானே என்று ஒருவர் எகிறினார். மாமா அசரவில்லை.

"சிப்பிக்குத்தாம்வே கொள்முதல் விலை. முத்துக்கு ஏது?"

விளக்கு வைக்கிற நேரம்வரை அதைப் பேசினார்கள். சாக்கின் விலையைப் பாகங்களுக்குப் பிரித்துப் போடுவதா, அதிர்ஷ்டத்துக்கு லாபம் என்று பெயர் வைக்கலாமா, கூட்டத்துக்குள் ஒருவன் அடைந்த அதிர்ஷ்டம் கூட்டத்துக்கே பொதுவா என்று எல்லாக் கோணத்திலும் நியாயத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். தங்களில் ஒருவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம். பிலோமியின் அம்மாவின் பேச்சு ஒரு தடவைகூட வரவில்லை. இவர்களில் யாரும் கொடியவர்கள் இல்லை. அதை யோசித்தால்தான் எனக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கையே விட்டுப்போகிறது.

காக்காவுக்கு மட்டும் ஒரு உறுத்தல். "உள்ள இது கிடக்குன்னு முன்னமே தெரிஞ்சு வாங்கியிருந்தா, இந்தக் காசு உங்களுக்கும் ஆகாது, இந்தச் சாமான் எனக்கும் ஆகாது" என்றார்.

மாமா சிரித்தார். என்னை அருகில் கூப்பிட்டார். "இவட்டயே கேளுங்க காக்கா. அவுக்கும்போது இவதான் கூட இருந்தா."

காக்கா என் உயரத்துக்குக் குனிந்தார். "சாக்கு வாய் தச்சபடியேதானே இருந்திச்சு புள்ள?"

"ஆமா, தச்சபடியேதான் இருந்திச்சு."

"இதப் பாத்ததும் மாமா என்ன செஞ்சாரு?"

"அடேயப்பான்னு தலையில அடிச்சுக்கிட்டாக."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காக்காவின் முகம் தெளிந்தது. பணத்தை எண்ணி மாமாவின் கையில் வைத்தார். வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னவள்போல நான் நிமிர்ந்து நின்றேன்.

அந்தப் பணத்தில் மாமா சைக்கிள் கடை போட்டார். கிட்டங்கி வேலையை விட்டார். சண்டை முடிவதற்குள் ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது. கடைச் சுவரில் 'ஒரே விலை' என்று எழுதிப் போட்டிருந்தார். கடைசிவரை அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்றே நினைக்கிறேன். தூங்காதவள் நான். வளர்ந்து, விவரம் தெரிந்து, ஒருநாள் அவரிடம் கேட்டே விட்டேன். "நீதானம்மா சொன்ன?" என்றார், சாதாரணமாக. இன்றைக்கும் பஸ் உப்பளத்து வழியாகப் போனால் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. வெயிலில் பெட்டி சுமந்து வரிசையாக நடக்கிற பெண்களில் யார் முகத்தைப் பார்த்துவிடுவேனோ என்று பயம்.

தையல் மெஷினை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். பிலோமியும் அவள் அம்மாவும் புறப்பட்ட அன்று காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாட்டுவண்டியில் இரண்டு பெட்டிகளும் ஒரு கட்டிலும் ஏறியிருந்தன. பிலோமிக்குக் காட்டலாம் என்று மணியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

அவள் அதை வாங்கி, "அப்பா வண்டில இருந்தது" என்று நசுங்கின இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு தடவை அடித்தாள். உள்ளே பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா சட்டென்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"அந்தக் குட்டிச் சங்கிலி வச்ச சாமான உங்க மாமா பாத்துட்டாகளா?" என்று கேட்டாள் பிலோமி.

"பாக்காம? நான்தான் முன்னாடியே சொல்லிட்டேன்லா!" என்றேன், பெருமை தாங்காமல்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மணியை என் கையில் வைத்தாள். கண் நிறைந்திருந்தது. மணியை விட மனசில்லாமல் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"வேணும்னா இன்னொரு தரம் அடிச்சுக்கோளா" என்று அதை அவளிடம் நீட்டினேன்.