மேலுதட்டில் ஐந்து நிமிடம்

தொண்ணூறுகளின் நடுவில் தனுவச்சபுரத்தில் கல்லூரிக்குப் போய்வந்த பெண்ணான எனக்கு மேலுதட்டில் மீசை இருந்தது. பூனைமுடி என்று சொன்னவர்கள் என்மேல் பிரியமுள்ளவர்கள். ஒருநாள் பஸ்ஸில் ஒருத்தன் என்னை அண்ணனாக்கி, "சேட்டா, கொஞ்சம் உள்ள ஏறி நில்லு" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் கஸ்தூரி மஞ்சள் தேய்த்துக் குளிப்பாள்; முகம் வழுவழுவென்று இருக்கும். சபைக்காரர்களான எங்களுக்கு மஞ்சள் மீன்குழம்புக்கு மட்டும்தான். அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"கர்த்தர் தந்ததாக்கும் அது. தொடப்பிடாது" என்றாள்.

கர்த்தர் தலையில் தந்தது மட்டும் அவளுக்குப் போதவில்லை. அதை வளர்க்க வாரம் தவறாமல் எண்ணெய் காய்ச்சினாள்.

பெருங்கடவிளையிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்ததும் கர்த்தரின் சித்தம் மாறிவிட்டது. அம்மாவே நெய்யாற்றின்கரை ஃபேன்ஸி கடைக்குப் போய், முடி போக்கும் கிரீமை வேதப்புத்தகப் பையில் ஒளித்து, அப்பாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்து, என்ன கம்பீரமான மீசை என்று வீடே மெச்சிக்கொண்டிருந்தது. எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் கிரீமைப் பூசினேன். ஐந்து நிமிடத்தில் துடைக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. இரண்டாவது நிமிடத்தில் அப்பா குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் ஜெபத்துக்குச் சாக்குச் சொல்ல முடியாது, நடுவில் எழும்பவும் முடியாது. முக்காட்டை வாய்வரை இழுத்துவிட்டு முழங்காலில் நின்றேன். அப்பா சபையின் நோயாளிகளில் தொடங்கி, பொழியூரில் கடலெடுத்த வீடுகளுக்காக மன்றாடி, சாவகாசமாக நாளைய காரியத்துக்கு வந்தார். உதடு தீயாய் எரிந்தது. அவ்வளவு பக்தியோடு நான் அதற்குமுன் ஆமெனுக்குக் காத்திருந்ததில்லை.

விடிந்தபோது முடி இல்லை. அதே இடத்தில், அதே அளவில், சிவப்பாக ஒரு மீசை இருந்தது.

காப்பி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தையே பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அடுக்களைக்கு ஓடினேன். தண்ணீர் வேண்டும் என்று அவளும் பின்னாலேயே வந்தாள்.

"எவ்வளவு நேரம் வச்சே, மக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா ஆமென் சொல்லுறது வரைக்கும்."

அவள் தன் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"பயப்படாதே. நம்ம வீட்டுல ஜெபம் சின்னதாக்கும்."