கடைசிப் பக்கம் இல்லாத கேஸ்

ஸ்டீல் ஸ்கேலை ஓரமாக அழுத்திப் பிடித்து, நகல்களின் கடைசிப் பக்கத்தை ஒவ்வொன்றாகக் கிழிப்பார் ஜூடித் மேடம். ஏழு வருடமாகப் பிரபா பார்க்கும் காட்சி இது. முதல் இரண்டு வருடம் மாணவியாக, பிறகு அதே கல்லூரியில் அவருக்கு உதவியாளராக. எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு விவாதிக்கக் கொடுக்கும் கேஸ் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கம்பெனி சிக்கலில் மாட்டிக்கொண்டு நிற்கும். அது கடைசியில் என்ன செய்தது என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். "முடிவு தெரிஞ்சா எவனும் யோசிக்கமாட்டான் மேன்" என்பார். கிழித்த தாள்களில் ஒன்றை மட்டும் நாலாக மடித்துக் கைப்பையின் பக்கவாட்டு அறையில் செருகிக்கொள்வார். அந்த ஜிப் வெகுநாளாக மூடுவதில்லை.

காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறார். ஐம்பத்தெட்டு வயது. கேள்வி கேட்டுவிட்டு, மின்விசிறியைப் பார்த்தபடி மனசுக்குள் முப்பது எண்ணுவார். யாராவது அவசரப்பட்டு "செலவைக் குறைக்கணும் மேம்" என்றால், "செலவு இருக்கட்டும். ஆள் யாரு? காலையில எத்தனை மணிக்குக் கடையைத் திறக்கிறான்? அதைச் சொல்லு" என்பார். அது யாருக்கும் தெரியாது. "கேஸைப் படிச்சியா, செல்லுகிட்ட கேட்டியா?" என்று மடக்குவார். முன்பெல்லாம் இதற்கு வகுப்பே சிரிக்கும். இப்போது நாற்பது பேரின் பதிலும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறது. யாரும் சிரிப்பதில்லை.

அவர் சொந்தமாக எழுதிய கேஸ் ஒன்றே ஒன்று. அது பிரபாவின் வீட்டுக் கதை. முதல் வருடத்தில், "தெரிஞ்ச ஒரு தொழிலோட சிக்கலை எழுதிட்டு வாங்க" என்றபோது, மற்றவர்கள் இணையத்திலிருந்து கம்பெனிகளைப் பிடித்து வந்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிரபாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மர்பி டவுனில் அப்பா ஜெயராஜ் நடத்திய தையல் கூடத்தை அப்படியே எழுதிவிட்டாள். எட்டு மெஷின், எட்டுப் பெண்கள். கைவிட்டுப் போகும் பள்ளிச் சீருடை ஆர்டர்கள். ஒருத்தியையும் அனுப்ப மனசு வராத அப்பா.

பெயர்களை மாற்றிப் பாடமாக்குவதற்கு முன் ஜூடித் கூடத்துக்கே போய் அனுமதி கேட்டார். "இத்தனை பசங்க மண்டையை உடைச்சுக்கப் போறாங்க. நல்ல பதில் ஒண்ணு கிடைக்காமலா போகும்? கிடைச்சதும் நானே வந்து சொல்றேண்ணா."

ஜெயராஜ் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். "சீக்கிரம் சொல்லுங்கம்மா."

ஆறு வருடம், வருடத்துக்கு இரண்டு பிரிவு. "மேடம் ஏதாவது சொன்னாங்களா?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, போகப்போக "என்னம்மா, படிச்சவங்க இன்னும் யோசிக்கிறாங்களா?" என்று கிண்டலுக்கு மாறினார். இந்த ஏப்ரலுக்கு அப்புறம் அதையும் கேட்கவில்லை.

இன்று காலை வகுப்பில் மறுபடி அதே கேஸ். பேசுகிறவர்களுக்கு மதிப்பெண் குறிக்கப் பிரபா கடைசி பெஞ்சில் இருந்தாள். ரகுராம் என்ற பையன் எழுந்தான். "மேம், இங்க கடை பிரச்சினையே இல்ல. ஓனர்தான் பிரச்சினை. சென்டிமென்ட் பார்க்கிறாரு. முன்னாடியே மூடியிருந்தா அந்த லேடீஸ் எல்லாரும் வேற வேலை தேடியிருப்பாங்க." நிறுத்தி, தெளிவாகச் சொன்னான். ஜூடித் மின்விசிறியைப் பார்த்தார். முப்பது போய் அறுபதும் ஆயிருக்கும். மறுத்துப் பேச ஒருவரும் எழவில்லை.

பிரபா ஐந்துக்கு ஐந்து போட்டாள். பையன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கதையை எழுதி நல்ல பெயர் வாங்கிய நேரத்தில், ஆர்டர் கேட்டு நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியிருந்தால்? அப்பாவுக்கு மகளாக இருந்ததைவிட, அவரைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறவளாகத்தானே அதிகம் இருந்தோம்? அந்தக் கேள்விக்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை.

ஆசிரியர் அறைக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். "அப்பா மூடிட்டாரு மேம். ஏப்ரல்லயே."

"ஏம்மா சொல்லல?"

"ஒவ்வொரு தடவையும் 'இந்த பேட்ச்ல பதில் வந்துடும்'னு சொல்வீங்க. அதான்."

"அந்தப் பொம்பளைங்க?"

"மூணு பேரு கார்மென்ட்ஸுக்குப் போறாங்க. மத்தவங்க வீட்டுல. அப்பா வைட்ஃபீல்டுல ஒரு அபார்ட்மென்ட் கேட்ல நிக்கிறாரு. காலையில ஆறு மணி ஷிஃப்ட்."

"ஆறு மணி" என்று ஜூடித் திருப்பிச் சொன்னார். "வரேன்னு சொல்லியிருந்தேனே. இப்ப போய் என்னத்தைச் சொல்ல?" என்றார். பிரபாவிடம் கேட்ட மாதிரி இல்லை.

மதியப் பிரிவுக்கு அதே கேஸின் நகல்கள் மேஜையில் இருந்தன. ஜூடித்தின் ஸ்கேல் தன்பாட்டுக்குக் கடைசித் தாளின் ஓரத்துக்குப் போய் நின்றது. முடிவே எழுதாத இதில் கிழிக்க ஒன்றும் இல்லை. ஸ்கேலை வைத்துவிட்டு, நகல் கட்டைத் தட்டிச் சீராக்கினார்.

"பசங்ககிட்ட குடுத்துடு. மூடினதைச் சொல்லிடாதே."

பிரபா இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள். கொடுத்த ஜூடித்தின் கை, நகல்களை விடவில்லை.