சக்கரம் இல்லாத வண்டிக்கு எத்தனை பேட்டரி?

பேட்டரிக் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வண்டி நடுரோட்டில் நின்ற கடுப்பை நம் தலையில் இறக்கி வைக்கத்தான் வருவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களே, எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான் என் உத்தியோகம்.

எத்தனை சக்கரம்?

ஒரு நாள் காலையில் சூசை என்பவர் மனைவி ரோசம்மாளோடு கடைக்கு வந்தார். அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அந்த அம்மா பிறந்தது நம்ம பக்கத்து ஊர் வ. புதுப்பட்டி, அந்த அம்மாவின் அண்ணன் தன் லாரிக்கு எங்களிடம்தான் பேட்டரி வாங்குவார்.

"தம்பி, மீன் பிடிக்கிற போட்டுக்கு எத்தனை பேட்டரி வேணும்? புது எஞ்சின், கையால சுத்திக் கிளப்ப முடியாது" என்றார் சூசை. எனக்குத் திக்கென்றது. நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. டிராக்டருக்கு ஒன்று, லாரிக்கு இரண்டு, என் ஞானம் அவ்வளவுதான். வாய்ப் பழக்கத்தில், "எத்தனை சக்கரம்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"சக்கரம் இருந்தா நான் ஏன் தம்பி கடலுக்குப் போறேன்? இந்தா இருக்கிற கான்சாபுரத்துக்கு உர மூட்டை ஏத்திக்கிட்டுல்லா போயிருப்பேன்!"

ஆளுக்கு ஓர் எண்ணிக்கை

முதலாளி "ஒண்ணு போதும்" என்றார். பக்கத்துக் கடை லாரி மெக்கானிக் இரண்டு என்றார். எங்கள் கடையில் சார்ஜ் போடும் முனியசாமி, "கடல் பெரிசுல்லா, நாலாக் குடுத்துருங்க" என்றான். விளக்கு எத்தனை, வயர்லெஸ் உண்டா என்று கேட்டுத் துண்டுச் சீட்டில் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது. மண்டை காய்ந்துவிட்டது.

பின்னால் நின்ற ரோசம்மாள் முன்னால் வந்தார்.

"போன மாசம் ஒத்த பேட்டரியோட போனாவ. விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அது செத்துப்போயி, எஞ்சின் பிடிக்கல. ரெண்டு நாளு கடல்லயே கெடந்தாவ. எத்தனைன்னு எனக்கு என்ன தெரியும்? அவிய திரும்பி வரணும். அதுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டுக் குடுங்க."

தள்ளிவிட ஆள்

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தப்பாகச் சொன்னால் ஒரு மனுஷன் உயிர். பயத்தை மறைக்க அதிகமாகப் பேசினேன். "ரெண்டைச் சேத்து மாட்டிருவோம்ணே. ரெண்டும் இறங்கிட்டாக்கூடக் கவலை இல்ல, நாலு பேரு இறங்கித் தள்ளினா..." எங்கள் பக்கம் பாதி வண்டிகள் அப்படித்தான் கிளம்பும்.

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சேர்த்து மாட்டினால் இரண்டும் சேர்ந்தேதான் இறங்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எஞ்சினுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, நடுவில் ஒரு சுவிட்ச் என்று பிரித்துக் கொடுத்தேன். என்ன ஆனாலும் எஞ்சின் பேட்டரியில் விளக்கு எரிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினேன். சூசை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்.

"அது சரி தம்பி, தள்ளுற நாலு பேரும் எங்க காலை ஊனி நிப்பானுவ?"

தனியாக வந்த அக்கா

ஒரு மாதம் கழித்து ரோசம்மாள் மட்டும் கடை வாசலில் வந்து நின்றார். "அண்ணன்...?" என்றேன்.

"கரையில வலையைப் பிரிச்சுக்கிட்டு இருக்காவ" என்றார். விளக்குப் பேட்டரி நடுக்கடலில் தீர்ந்துபோனதாம். எஞ்சின் பேட்டரியில் இணைக்கச் சொல்லிக் கூட்டாளிகள் நச்சரித்தும் சூசை மசியவில்லையாம். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசிட் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மாவோ இன்னொரு பேட்டரி வேண்டும் என்றார். மறுபடி குழம்பிப்போய், "ரெண்டு சரியா இருக்கே, மூணாவது எதுக்குக்கா?" என்றேன்.

"ரெண்டு அவியளுக்கு. மூணாவது எனக்கு. அதையும் போட்டுல வச்சு அனுப்பினாத்தான் வீட்டுல நான் கண்ணை மூட முடியும்."

அதன் பிறகு சூசையின் ஊர்க்காரர்கள் யார் வந்து போட்டுக்கு எத்தனை பேட்டரி என்று கேட்டாலும், "வீட்டுல யாரு இருக்காவ?" என்று நான் திருப்பிக் கேட்டதால், இந்தத் தொழிலில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று அந்தக் கரை முழுக்கப் பேச்சு.