எங்க ஆளா, உங்க ஆளா?

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவளுக்கு வாய் ஓயாது. ஆள் கிடைக்காவிட்டால் சட்டைக் காலரோடு பேசுவாள். அப்படிப்பட்டவளுக்குக் காது கேட்காத மகள் பிறந்தபோது, இனி இவளோடு என்னத்தைப் பேசுவது என்று அழுது தீர்த்தாள். பிறகு கையால் பேசக் கற்றாள். அரைகுறைதான், ஆனால் மகளோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

மகளை வீட்டில் வாண்டு என்பார்கள். ஆறு வயது. உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நிறையக் கையால் பேசும் பிள்ளைகளைக் கண்டதும் ஆளே மாறிப்போனாள். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டே கட்சி: கையால் பேசுகிற எங்க ஆளுங்க, வாயசைக்கிற உங்க ஆளுங்க. பஸ்ஸில் ஏறினால் யார் எந்தக் கட்சி என்று நோட்டம் விடுவதே வேலை. அம்மா, அப்பா இருவரும் எதிர்க்கட்சி. வீட்டில் அவள் தனி ஆள். தம்பி பிறந்ததும் அவனை விட்டு நகரவில்லை.

"இவன் எங்க ஆளு," என்று வருகிறவர்களுக்கெல்லாம் கையால் சொன்னாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், இவனுக்கும் கேட்காதோ என்ற பயம் அம்மாவுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் நின்று, ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். தூக்கிவாரிப் போட்டுக் குழந்தை வீறிட்டது.

"அப்பாடா! கேக்குதுங்க, இவனுக்குக் கேக்குது!"

"நல்லவேளை!" என்று ஓடிவந்தான் புருஷன். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பெற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

கதவோரம் வாண்டு நின்றிருந்தாள். பேச்சு கேட்காவிட்டால் என்ன, இரண்டு முகங்களும் நன்றாகத் தெரிந்தன.

"உங்க ஆளா?" என்று கையால் கேட்டாள். அம்மா தலையாட்டினாள்.

வாண்டு அழவில்லை. அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று, தனக்கும் தட்டச் சொன்னாள். அம்மா தட்டினாள். வாண்டு அசையவில்லை. சற்றுப் பொறுத்துத் திரும்பி, பெருமையாக நெஞ்சைத் தட்டிக்கொண்டாள்.

"பாத்தியா? நான் எங்க ஆளு!"

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். தம்பிக்காக வந்த அந்தச் சிரிப்பு தனக்கும் வரும் என்று காத்திருந்தாள்.

அம்மா சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் பார்த்தே வளர்ந்த பிள்ளையிடம் அந்தச் சிரிப்பு செல்லுபடியாகவில்லை. வாண்டு அருகில் வந்து அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதம்மா," என்றன சின்னக் கைகள். "தம்பி உங்களோட இருக்கட்டும். எனக்கு ஸ்கூல்ல நிறையப் பேர் இருக்காங்க."