தாழிக்குள் இருந்த சட்டி

திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டும் இடத்தை நிரப்பச் செங்குன்றத்தில் நாங்கள் மண் வெட்டியபோது, பழங்காலத்தில் இறந்தவரைப் புதைத்த தாழி ஒன்று வெளிப்பட்டது. அதற்குள் உடையாமல் இருந்த சட்டியை மறுநாள் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க ராயபுரம் வீட்டுக்கு எடுத்து வந்தேன். நான் குளித்து வருவதற்குள், புதுச் சட்டியைப் பழக்குவதுபோல் மனைவி அதில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்திருந்தாள். மீனும் அறுத்தாயிற்று.

"அடுப்புல வெச்சிடாத! செத்தவங்களுக்குச் சோறு வெச்சுப் பொதைச்ச சட்டி அது!" என்றேன்.

"எத்தினி வருசமாச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டாயிரம் இருக்கும்."

"அடப்பாவமே! அப்பாலிக்கா யாருமே ஒரு வாய் சோறு போடலியா? இன்னாய்யா மன்சங்க!"

குழம்பு எங்கள் சட்டியில் கொதித்தது. முதல் துண்டு மீனை அந்தப் பழைய சட்டியின் முன் இலையில் படைத்தாள். எனக்கு அதன் பிறகுதான்.

மறுநாள் சட்டியைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

"அங்க சோறு போடுவாங்களா?" என்றாள்.